மன்னிப்பு ஒத்திகை

எங்கோ கடல் தாண்டிய சீமையில் கறுப்பாய்ப் பிறந்த குற்றத்துக்கு ஒருத்தன் உதைபட்டால், கொள்ளிடக் கரையில் கரும்பு வெட்டிப் பிழைக்கிற அடைக்கலத்துக்கு என்ன வந்தது? வந்தது. சுற்றறிக்கையாக வந்தது. மேலிடத்துக்கும் மேலிடத்தில் எழுதி, நடுவில் நாலு இடத்தில் முத்திரை வாங்கி, ஆயர் இல்லத்தில் தமிழாகி, திருமானூர் பஸ்ஸில் காக்கி உறைக்குள் உட்கார்ந்து வந்து, மாதாகுறிச்சிக் கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில் வாசிக்கப்பட்டது.

"அன்பார்ந்த இறைமக்களே! இனவெறி பாவம். மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் சுவர்கள் தகர்க்கப்பட வேண்டும். இத்துடன் உள்ள படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி..."

வாசித்தவர் இளவரசன் சாமி. பாதிரியாரை அங்கே எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயசு. யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். அப்படி நினைத்து நினைத்தே வயிற்றில் புண் வந்து, மோரும் சோறுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அடைக்கலம் தெற்குக் கையில் நின்று கேட்டார். கோயில் சிலுவை மாதிரி கட்டியது. தலைமாடு, நடு உடம்பு, வடக்குக் கை எல்லாம் வடக்குத் தெருவுக்கு. தெற்குக் கை தெற்குத் தெருவுக்கு. இப்படி எந்த ஏட்டிலும் எழுதியில்லை; எழுதாததை யாராலும் அழிக்கவும் முடியவில்லை. "ஆண்டவரோட ரெண்டு கையிலயும் ஆணிதான அடிச்சிருக்கு, ஒண்ணோட ஒண்ணு எப்படிச் சேரும்?" என்று தெற்குத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அவ்வளவு பெரிய சுற்றறிக்கையில் அடைக்கலத்தின் காதில் தங்கியது ஒரு சொல். சுவர். அது பேச்சுக்குச் சொன்ன சுவர் என்று அவருக்குத் தெரியாது. மாதாகுறிச்சியில் சுவர் என்று மொட்டையாகச் சொன்னால் அது கல்லறைத் தோட்டத்து நடுச்சுவர்தான். கிழக்கு மேற்காக, எட்டிப் பார்க்க முடியாத உயரத்துக்குச் செங்கல் சுவர். வடக்கால வடக்குத் தெருப் பிணங்கள், தெக்கால தெற்குத் தெருப் பிணங்கள். வடக்குக்கு இரும்பு கேட், பூட்டு. சாவி நாட்டாமை தைரியநாதன் இடுப்பில். தெற்குக்கு கேட்டே கிடையாது. ஆடு வரும், மாடு வரும், மழை வந்தால் வெள்ளமும் வரும்.

அடைக்கலத்தின் ஒரே மகள் கவியா கிடந்தது சுவருக்கு வடக்கால.

அது ஒரு கதை. கவியா வடக்குத் தெருக் கலைச்செல்வனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். ஆனாலும் உயிரோடிருந்த மூன்று வருஷமும் மாமியார் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை. அரியலூரில் வாடகை வீடு. மூன்றாம் வருஷம் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். செத்த பிறகுதான் வடக்குத் தெரு அவளுக்கு மருமகள் பட்டம் கொடுத்தது. பாசத்தில் இல்லை. தைரியநாதன் தொலைநோக்குள்ளவர். "இவள தெக்கால பொதைச்சிட்டா, நாளைக்குப் பய சாவும்போது, என் பொண்டாட்டி பக்கத்துலயே போடுங்கன்னு சொல்லிட்டுச் செத்தான்னா? நம்ம பொணம் ஒண்ணு தெக்கால போயிடும்டா" என்றார். எல்லாரும் ஆமாமா என்றார்கள். வடக்கால, சுவரை ஒட்டி ஓரமாக அவளைப் புதைத்தார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்று மண் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள். கலைச்செல்வன் ஒரு சிலுவை நட்டு அதில் பேரெழுதினான். பிறகு திருப்பூர் போனான். அடுத்த தையில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

அந்தச் சுவரில், தெற்கால நின்ற கிளுவை மரத்தின் கிளை ஒன்றுக்கு நேராக, ஒரு சின்ன மண்மேட்டுக்கு மேலே, ஒரு செங்கல் உதிர்ந்த ஓட்டை இருந்தது. கண்ணை வைத்தால் சிலுவையின் ஒரு கை தெரியும். அதில் கடைசி எழுத்து தெரியும். நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவர் அடைக்கலம். "அது 'யா' புள்ள. நம்ம பாப்பா பேருல கடைசி" என்று வியாகுலத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். வியாகுலம் அவர் பெண்டாட்டி. அவளுக்கு உலகத்தில் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். இரண்டு வருஷமாக அந்த ஓட்டையில்தான் அவள் மெழுகுவத்தி ஏற்றினாள், அந்த ஓட்டையில்தான் பேசினாள்.

இந்த வருஷம் சர்க்கரை அவள் கண்ணில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார்: "நரம்பு போச்சும்மா. வருஷத்துக்குள்ள மொத்தமா இருட்டிடும். பாக்க வேண்டியதையெல்லாம் பாத்துக்குங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது வியாகுலம் சொன்னாள்: "எனக்குப் பாக்க வேண்டியது ஒண்ணுதான். மொத ரெண்டெழுத்த நான் பாத்ததே இல்ல."

அதனால்தான் பூசை முடிந்ததும் அடைக்கலம் சாமி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சாமி, சுவர எப்பங்க இடிக்கிறாங்க?"

"எந்தச் சுவர்?"

"படிச்சீங்களே சாமி, தகர்க்கணும்னு."

"அது உள்ளத்துல இருக்கிற சுவர், அடைக்கலம்."

"நம்மூருது கல்லறையில இருக்குதுங்க சாமி."

இளவரசன் சாமி வயிற்றைத் தடவிக்கொண்டார். அடைக்கலத்துக்குப் பாவமாக இருந்தது. "இடிக்கக்கூட வேணாங்க. சாவிய ஒரு மணி நேரம் வாங்கிக் குடுங்க. கண்ணு இருக்கும்போதே அவ போயி பாத்துட்டு வந்துருவா."

"ஒரு மணி நேரமா..." சாமி யோசித்தார். "நல்ல வேளை, படிவம் வந்திருக்கு. அதுல சேத்துடலாம். முறைப்படி போவோம்."

முறை என்பது மாசிக் கடைசியில், அந்தக் கோயிலைச் சேர்ந்த ஜனங்களின் பேரில் நடக்கிற பங்குப் பேரவைக் கூட்டமாகக் கூடியது. தெற்குத் தெருப் பிரதிநிதியாக அடைக்கலத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி ஒன்று குறைந்ததால் வாசற்படியில் உட்கார்ந்தார். எல்லாக் கூட்டத்திலும் ஒரு நாற்காலிதான் குறையும். பேரவைச் செயலாளர் சாந்தா டீச்சர் படிவத்தை வாசித்தார்.

"கேள்வி ஒன்று. உங்கள் பங்கில் நிறத்தின் அடிப்படையில் மக்கள் ஒதுக்கப்படுகிறார்களா?"

தைரியநாதன் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இங்க எல்லாருமே கறுப்பு. எழுதுங்க டீச்சர்."

"நான் கொஞ்சம் மாநிறம்" என்றார் டீச்சர், கூச்சத்தோடு.

"உங்கள யாராச்சும் ஒதுக்கியிருக்கோமா?"

"சேச்சே."

"அப்ப இனவெறி இல்ல. அடுத்தது படிங்க."

"கேள்வி இரண்டு. உங்கள் பங்கில் வெள்ளையர் ஆதிக்கம் உள்ளதா?"

"அவங்கதான் நாப்பத்தேழுலயே போயிட்டாங்களே."

இப்படிப் பதினெட்டுக் கேள்விக்கும் மாதாகுறிச்சி பரிசுத்தமாகத் தேறியது. கடைசியில் அடைக்கலம் படியிலிருந்து எழுந்தார். "ஐயா, சுவரு..."

"இவன் ஒருத்தன்! டீச்சர், சாதின்னு அந்தப் பாரத்துல எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு முன்னும் பின்னும் தேடினார். இல்லை.

"மேலிடத்துக்கே தெரியாத ஒண்ண நாமளா போயி சொல்லிக் குடுக்கணுமா?" என்றார் தைரியநாதன். நியாயம்தானே என்று எல்லாருக்கும் பட்டது.

இளவரசன் சாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. படிவத்தின் அடியில் 'பிற' என்று ஒரு வரி இருந்தது. அதில் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றார். அரை மணி நேரம் வாதாடினார்கள். யார் மனசும் நோகாத ஒரு வாக்கியம் கடைசியில் பிறந்தது: 'கல்லறைத் தோட்டச் சுவரில் பராமரிப்புக் குறைபாடு உள்ளது.'

"ஒங்க விஷயம் போயிடுச்சு அடைக்கலம்" என்றார் சாமி. அடைக்கலம் கை கூப்பினார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து ஐந்தாம் வெள்ளிக்கிழமை ஒருமைப்பாட்டுப் பவனி நடந்தது. உலகமெங்கும் நிறத்தால் ஒடுக்கப்படுகிறவர்களோடு மாதாகுறிச்சி தோளோடு தோள் நிற்கிறது என்று காட்டுவதற்காக. பொழுது சாயும் நேரம் ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு புறப்பட்டார்கள். முன்னால் பெரிய படம்: எந்தத் தேசத்துக்காரியோ ஒரு கறுப்புத் தாய், மடியில் கை விரித்து அழுகிறாள். தைரியநாதன்தான் அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

பவனி வடக்குத் தெருவைச் சுற்றியது, கடைத்தெருவைச் சுற்றியது, தெற்குத் தெரு முனைக்கு வந்து திரும்பியது. மாதா சப்பரமும் அங்கேதான் திரும்பும். தெரு குறுகல், சப்பரம் நுழையாது என்பார்கள். அன்றைக்குச் சப்பரம் இல்லை, படம் மட்டும்தான். ஆனாலும் பழகின கால் பழகின இடத்தில் திரும்பிவிட்டது.

வியாகுலம் வாசலில் மெழுகுவத்தியோடு காத்திருந்தாள். வெளிச்சம் வந்தது, நின்றது, போய்விட்டது. அடைக்கலத்தோடு கரும்பு வெட்டுகிற மதுரைவீரனும் அங்கே இருந்தான். செட்டிகுளத்துப் பக்கத்து ஆள், ஞானஸ்நானம் வாங்காதவன். வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, ஒங்க சாமிக்கு யூ டர்ன் மட்டும் நல்லா வருது" என்றான். "எங்களுக்காச்சும் கோயிலுக்கு வெளியில சுவரு. இந்தப் பக்கம் நிக்கிறோம்னு தெரியும். நீங்க உள்ள போயி சுவர மோதிக்கிட்டு நிக்கிறீங்க."

"சும்மா இருடா."

வியாகுலம் கேட்டாள்: "அந்தப் படத்துல யாருய்யா அது? அழுவுற மாதிரி மங்கலாத் தெரிஞ்சுது."

"வெளிநாட்டுல ஒரு அம்மா. புள்ளையக் கொன்னுட்டாங்களாம்."

"அய்யோ பாவமே." அவள் அந்த மெழுகுவத்தியை வாசலிலேயே ஏற்றி வைத்தாள். காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டே கேட்டாள்: "அவளையாச்சும் புள்ளையோட குழிகிட்ட விட்டாங்களா?"



படிவம் மேலே போன வழியிலேயே பதில் கீழே இறங்கி வந்தது. ஆனி மாசம், பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கிற ஒப்புரவுப் பணிக்குழுவின் செயலர், பேரருட்தந்தை முனைவர் மணிவண்ணன், நேரில் வந்தார். இதே விஷயத்தைப் படித்துத்தான் அவர் முனைவரானார். சுவர்களைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியிருக்கிறார் என்று சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் நடந்து பார்த்தார். சுவரைத் தொட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கையைத் துடைத்தார்.

"இதுதான் அடைக்கலம். பாதிக்கப்பட்டவர்" என்று இளவரசன் சாமி காட்டினார்.

"சொல்லுங்கள் அடைக்கலம். உங்கள் வலியைச் சொல்லுங்கள். திருச்சபை செவிமடுக்கிறது."

"வலியெல்லாம் ஒண்ணுமில்லைங்க சாமி. சாவிதான். ஒரு மணி நேரம் போதும்."

மணிவண்ணன் புன்னகை செய்தார். "நீங்கள் கேட்பதன் ஆபத்து உங்களுக்கே புரியவில்லை. சாவியைக் கேட்டால் பூட்டை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பூட்டை ஏற்றால் கதவை ஏற்றதாகிவிடும். கதவை ஏற்றால் சுவரையே ஏற்றதாகிவிடும். அந்த அவமானத்துக்கு உங்களை ஆளாக்கத் திருச்சபை ஒருபோதும் சம்மதிக்காது."

தன் அவமானத்துக்காக இவ்வளவு பெரிய ஆள் கவலைப்படுவார் என்று அடைக்கலம் நினைத்ததில்லை. சாவி மட்டும் வரவில்லை.

"அப்ப இடிச்சிடுங்க சாமி."

"இடிப்பதா!" மணிவண்ணன் பதறிவிட்டார். "இடித்துவிட்டால் நாம் செய்த பாவத்துக்குச் சாட்சி எங்கே? நம் பிள்ளைகள் எதைப் பார்த்து வெட்கப்படுவார்கள்? வெட்கப்படுவதற்கும் ஓர் இடம் வேண்டும் அடைக்கலம். ஆனால் இது இருக்கும் நிலையைப் பாருங்கள். அங்கங்கே உதிர்ந்து, பாசி பிடித்து... பார்த்து வெட்கப்படக்கூட லாயக்கில்லாமல் கிடக்கிறது. பராமரிப்புக் குறைபாடு என்று நீங்கள் எழுதியது மிகச் சரி."

அப்படித்தான் அது ஒப்புரவுச் சுவர் ஆனது. சித்திரம் எழுத இடம் போதாது என்று இரண்டடி உயர்த்துவது, இருபக்கமும் பூசுவது, தெற்குப் பக்கத்தில் புறாக்களும், ஒரு கறுப்புக் கை ஒரு வெள்ளைக் கையைப் பிடித்திருப்பது போலவும் வரைவது, ஐப்பசியில் வருகிற கல்லறைத் திருநாளன்று தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் திறப்பது என்று முடிவானது. தைரியநாதன் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றவர், உயர்த்துவது என்றதும் கவனித்துக் கேட்டார். "சாமிமாரு சொன்னா அதுல அர்த்தம் இருக்கும். நான்தான் முன்னாடி தப்பா நெனச்சிட்டேன். சிமிட்டி நம்ம பொறுப்பு" என்றார்.

"மனமாற்றத்தின் முதல் கனி!" என்று மணிவண்ணன் அவரைத் தழுவிக்கொண்டார். "ஒன்றே ஒன்று. இந்தப் பணியில் பாதிக்கப்பட்டோரின் பங்கேற்பு கட்டாயம் இருக்க வேண்டும். விதி அப்படி."

பாதிக்கப்பட்டவர் கலவை சுமந்தார். கரும்பு இல்லாத மாசங்களில் கட்டட வேலைதான் அடைக்கலத்துக்குச் சோறு. சுமந்து சுமந்தே பாதி கொத்தனாராகிவிட்டவர். திருமானூரிலிருந்து வந்த கொத்தனார் முருகையன் நல்ல மாதிரி. வடக்குப் பக்கப் பூச்சுக்கு நாட்டாமையின் ஆட்களே கேட்டைத் திறந்து போய் வந்தார்கள். தெற்குப் பக்கம் இவர்கள். மூன்றாம் நாள் பூச்சு அந்த ஓட்டைக்கு வந்தது.

"முருகையா, அது ஒண்ண மட்டும் விட்டுடேன்."

"ஓட்டைய விட்டா பூச்சு நிக்காதுண்ணே. படம் வரையணும்ல."

அடைக்கலம் வேலையைப் போட்டுவிட்டு சாமியிடம் ஓடினார். இளவரசன் சாமி எல்லாம் கேட்டார், முகம் வெளுத்தார், போனைப் போட்டு மணிவண்ணனிடம் பேசினார். ரொம்ப நேரம் 'சரிங்க ஃபாதர்' என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"சாட்சிச் சுவரில் ஓட்டை இருந்தா, நம்ம சாட்சியிலேயே ஓட்டைன்னு பேசுவாங்களாம். திறப்பு விழா முடியட்டும் அடைக்கலம். அப்புறம் ஒரு மனு போடுவோம்."

திரும்பி வந்தபோது முருகையன் செங்கல்லோடு நின்றான். "நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கண்ணே. நான் அடைச்சிடறேன்."

"வேணாம். வேற கை படவேணாம். நானே அடைக்கிறேன்."

ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தார். மழையில் மை கரைந்திருந்தது. ஆனாலும் 'யா' இருந்தது. உள்ளே கலவையை வைத்துச் செங்கல்லைச் செருகினார். மேலே கலவையை எறிந்து, கரண்டியால் இழுத்து, கட்டையால் தேய்த்தார். கை தானாக வேலை செய்தது. முப்பது வருஷம் பார்த்த வேலை. வேண்டுமென்றாலும் கெடுக்க வரவில்லை.

முருகையன் எட்டிப் பார்த்தான். "எங்க ஓட்டை இருந்துச்சுன்னே தெரியலண்ணே. கை சுத்தம்!"

அதுவரை அவர் வேலையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. வீட்டுக்குப் போய் வியாகுலத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு ஆள் அசைவதுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அதுவே அன்றைக்கு அவருக்கு வசதியாக இருந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது மன்னிப்பு ஒத்திகை.

விழாவில் வடக்குத் தெருக்காரர்கள் ஒரு பக்கம் நின்று மன்னிப்புக் கேட்க, தெற்குத் தெருக்காரர்கள் எதிரே நின்று மன்னிக்க வேண்டும் என்று ஏற்பாடு. வாசகம் அச்சடித்து வந்திருந்தது. கேட்கிற பக்கத்துக்கு எட்டு வரி. மன்னிக்கிற பக்கத்துக்கு ஒரே வரி: 'மன்னித்தோம், மறந்தோம்.' ஒத்திகைக்குத் தெற்குத் தெருவிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். வடக்கிலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. நடவு நேரம், ஆளில்லை என்று தைரியநாதன் சொல்லியனுப்பினார். நட்டுக்கொண்டிருந்த ஆளெல்லாம் தெற்குத் தெருதான். அரைநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மன்னிக்க நின்றார்கள்.

சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்ல. நாமளே ரெண்டா பிரிஞ்சுக்குவோம். ஆம்பளைங்க மன்னிப்புக் கேளுங்க. பொம்பளைங்க மன்னிங்க."

"நாங்க எதுக்குங்க சாமி கேக்கணும்?" என்றான் ஒருத்தன்.

"ஒத்திகைதானே!"

"ஏண்டி, எங்கூட்டு ஆளு மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததே இல்ல. நல்லா சத்தமாக் கேக்கச் சொல்லு" என்று பக்கத்து வீட்டு ஆண்டாயி சொல்ல, பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

எதிரெதிரே நின்றார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் என்பதால் ஆண்கள் பக்கத்துக்கு அடைக்கலம் முன்னால் நின்று படிக்க வேண்டும். அவருக்கு நேர் எதிரே வியாகுலம், ஆண்டாயி கையைப் பிடித்துக்கொண்டு.

"நா-ங்-கள் உங்-களைத் தள்ளி வைத்தோம்" என்று கூட்டிப் படித்தார். பின்னால் ஆண்கள் சொன்னார்கள். "உங்கள் கண்ணீரைக் கா-ணாதிருந்தோம்." சொன்னார்கள். "உங்கள் வழியை அ... அடை..."

நின்றுவிட்டார்.

"அடைத்தோம்" என்று சாமி எடுத்துக் கொடுத்தார்.

"அடைச்சிட்டேன்" என்றார் அடைக்கலம். "அடைச்சிட்டேன் புள்ள. நாந்தான் அடைச்சேன். என்ன மன்னிச்சிரு."

சிரித்துக்கொண்டிருந்த ஆண்டாயி நிறுத்திவிட்டாள். வியாகுலம் சத்தம் வந்த திக்கில் முகத்தைத் திருப்பினாள்.

இளவரசன் சாமிக்கும் கண் கலங்கியது. அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்திருந்தும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "உணர்ச்சி நல்லா வருது அடைக்கலம். ஆனா பன்மையில இருக்கணும். 'அடைத்தோம்'. இப்ப பொம்பளைங்க சொல்லுங்க."

பெண்கள் சொன்னார்கள்: "மன்னித்தோம், மறந்தோம்." வியாகுலம் உதட்டை அசைக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள்: "என்னய்யா பண்ணின?"

சொன்னார். ஒரு கால்வாய்ப் பாலம் வந்தது, அதைத் தாண்டினார்கள்.

"நீ அடைக்கலன்னா எவனோ ஒருத்தன் அடைச்சிருப்பான்" என்றாள். "எப்படியும் எனக்குக் கண்ணுல தெரியப் போறதில்ல. தடவிப் பாத்தா எடம் தெரியாமலா போயிடும்?"

கல்லறைத் திருநாள். மழை விட்டிருந்தது. தெற்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, மைக் கட்டி, மணிவண்ணன் வந்திறங்கினார். வடக்குப் பக்கம் விழா வைத்தால் கூட்டம் மார்பிள் கல்லறைகளை மிதித்துவிடும் என்பதால் அந்த கேட்டைத் திறக்கவில்லை. சுவர் பிரமாதமாக இருந்தது. பெரம்பலூரிலிருந்து வந்த ஓவியர் இருபத்தேழு புறாக்களைப் பறக்கவிட்டிருந்தார். கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் கோத்திருந்தன. வெள்ளைக் கை யாருடையது என்று தெற்குத் தெருப் பிள்ளைகள் தங்கள் கைகளைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

வடக்குத் தெருவும் வந்திருந்தது, வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக. ஆனால் மன்னிப்புக் கேட்கிற எட்டு வரியை மட்டும் படிக்க முடியாது என்றார்கள். சுவரைக் கட்டினது பாட்டன். செத்தவருக்குப் பதில் நாங்கள் எப்படிக் கேட்பது? இதற்கும் மணிவண்ணனிடம் வழி இருந்தது. மைக்கைப் பிடித்தார்.

"தனிமனிதர் எவரையும் நான் குற்றம் சாட்டப்போவதில்லை. குற்றவாளி வரலாறு. எனவே வரலாற்றின் சார்பாக, இதோ, மன்னிப்புக் கேட்கிறேன். வரலாற்றை மன்னிப்பீர்களா?"

ஒத்திகை பார்த்த நாற்பது பேரும் ஒரே குரலில், "மன்னித்தோம், மறந்தோம்" என்றார்கள். அவர்கள் சொன்ன வேகத்தில் வடக்குத் தெருக்காரர்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள். வரலாறு மன்னிக்கப்பட்டது. கைதட்டினார்கள்.

"இப்போது, மகளை இழந்த ஒரு தாய் முதல் சுடரை ஏற்றுவார்."

அடைக்கலம் வியாகுலத்தைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். ஒரு கையில் மெழுகுவத்தி. மறு கையைச் சுவரில் வைத்தாள். பெயிண்ட் வழவழவென்று இருந்தது.

"இங்கயா?"

"கொஞ்சம் கிழக்கால."

நகர்ந்தாள். தடவினாள். "இங்கயா?"

"இரு. அந்தக் கிளுவ மரத்துக் கிளைக்கு நேரா..." மரத்தைப் பார்த்தார். பந்தலுக்காக அந்தக் கிளையை வெட்டியிருந்தார்கள். கீழேயிருந்த மண்மேடும் விழாவுக்காகச் சமனாகிவிட்டது. அவர் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். இங்கே ஒரு புறா, அங்கே ஒரு புறா. ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. எங்கேயும் ஒரே மட்டம்.

"தெரியல புள்ள."

"நீதானய்யா பூசின?"

"நான்தான். தெரியல."

வியாகுலம் மெழுகுவத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் தடவினாள். பிறகு கன்னத்தை வைத்தாள். காதை வைத்தாள். வாயைச் சுவரோடு ஒட்டி, "பாப்பா" என்று கூப்பிட்டாள். ஓரடி நகர்ந்து மறுபடி கூப்பிட்டாள்.

மைக்கில் மணிவண்ணனின் குரல் உடைந்தது. "பாருங்கள் இறைமக்களே! தன்னைப் பிரித்த சுவரையே முத்தமிடுகிறாள்! இதுவல்லவா மன்னிப்பு!"

கேமராக்கள் ஓடிவந்தன. பாடகர் குழு பாட ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒரு பெண் விம்மிக்கொண்டே எழுந்து வந்து சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அவளைப் பார்த்து பத்துப் பேர். ஒரு நொடியில் வரிசை கட்டிவிட்டார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, நோய்நொடிக்காரர்களைத் தாங்கிக்கொண்டு.

வியாகுலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. கனிவான குரல்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா. நாங்களும் தொட்டுக்கிறோம். வரிசை நிக்குது."

அவள் தள்ளி நின்றாள். அடைக்கலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ். அது நாட்டாமை குரலுதானே?"

"ஆமா."

"எனக்கா 'ங்க' போட்டாரு?"

"ஆமா புள்ள."

அறுபது வருஷத்தில் முதல் தடவை. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நல்ல மனசுல இருக்காரு போல. இப்பவே சாவியக் கேளு. கூட்டம் கலையறதுக்குள்ள போயிட்டு வந்துருவோம். கொஞ்சமாச்சும் வெளிச்சம் தெரியுது எனக்கு."

அடைக்கலம் திரும்பிப் பார்த்தார். தைரியநாதன் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, நெற்றியை முட்டி, கண்ணை மூடியிருந்தார். இடுப்பு வேட்டி மடிப்பில் சாவி துருத்திக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"கேட்டியா?" என்றாள் வியாகுலம்.

"சாமி கும்பிடுறாரு புள்ள. முடியட்டும்."